கிழக்கே சமுத்திரம்

சென்ற மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், பொழுது புலர்வதற்கு முன்பே என் தங்கை மகனை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு, வானூரிலிருந்து திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டைத் தாண்டி, இடையன்சாவடி, குயிலாப்பாளையம் வழியாகச் செம்மண் காடுகளையும் முந்திரித் தோப்புகளையும் கடந்து, கோட்டக்குப்பத்தை ஒட்டிய தந்திராயன்குப்பத்துக் கடற்கரையில் நான் போய் இறங்கியபோது, கிழக்கு வெளுத்து, கடல் எண்ணெய் தடவிவைத்தாற்போல் வழவழப்பாகக் கிடந்தது. வெளியூர்க்காரர்கள் செரினிட்டி பீச் என்று பெயரிட்டு அழைக்கும் கரை அதுதான். பையன் ஒரு நிமிஷம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடலைப் பார்த்துவிட்டு, "கிளாஸியா இருக்கு மாமா. செட்டுக்கும் செட்டுக்கும் நல்ல கேப் இருக்கு. லைன்அப்ல ரெண்டு பேர்தான்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்து ஓடினான். அவன் சொன்ன சொற்களில் ஏறக்குறைய எல்லாமே எனக்குத் தெரிந்தவை. ஆனால் அந்த வாக்கியம் எனக்கு விளங்கவில்லை.

விளங்காததில் எனக்கு வருத்தமில்லை, ஆவலே மிகுந்தது. காரணம், நானும் அப்படியொரு பாஷையைப் பேசிப் பிழைத்தவன். முப்பத்தெட்டு வருஷகாலம் பத்திரம் எழுதுவதையே ஜீவனமாகக் கொண்டிருந்தேன். மூலப்பத்திரம், வில்லங்கம், செக்குபந்தி, சர்வ சுதந்திர பாத்தியம் என்று நாங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு, நிலம் வாங்க வந்த படித்த மனிதர்களே திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சொற்கள் பிறரை மிரட்டுவதற்காகப் பிறந்தவை அல்ல. ஒரு சொல்லை விட்டால் ஒரு வழக்கு முளைக்கும் என்ற அனுபவத்தில் விளைந்தவை. ஒரு தொழிலாரோ ஒரு கூட்டத்தாரோ தமக்குள் வழங்கிக்கொள்ளும் இத்தகைய சொல்லுக்கு நம் இலக்கணத்தில் குழூஉக்குறி என்று பெயர். பவணந்தியார் நன்னூலில் இதைத் தகுதி வழக்கின் மூன்று வகைகளில் ஒன்றாக வைத்தார். உரைகாரர்கள் உதாரணம் காட்டும்போது, பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதையும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதையும் எடுத்துக் காட்டுவார்கள். அந்த உதாரணங்களில் ஒரு மறைப்பு உண்டு. பக்கத்திலிருப்பவனுக்குத் தெரியக்கூடாது என்ற எண்ணம் உண்டு. என் தங்கை மகனைப்போல் பலகைமேல் நின்று அலையில் சறுக்கிவரும் அலைச்சறுக்குக்காரர்களின் குழூஉக்குறியைச் சில மாதங்களாகக் கரையில் உட்கார்ந்து கேட்டு வருகிறேன். அதில் மறைப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வாய் திறந்தால் உப்புநீர் புகும் இடத்தில், தலைக்கு மேல் அலை எழுந்து நிற்கும் கணத்தில், மூன்று வார்த்தைக்கு அவகாசமில்லாதவன் ஒரு வார்த்தையில் சொல்லியாகவேண்டிய நிர்ப்பந்தத்தில் பிறந்த பாஷை அது.

'செட்' என்ற அந்தச் சிறு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் நின்று பார்ப்பவனுக்கு அலைகள் ஓயாமல் ஒரே மாதிரி வந்துகொண்டிருப்பதாகத் தோன்றும். அரைமணி நேரம் பொறுமையாக எண்ணிப் பார்த்தால் அப்படியில்லை என்பது பிரத்தியட்சமாகும். சிறு அலைகள் பல வந்தபின், பெரியவை மூன்றோ நாலோ ஐந்தோ வரிசையாக வரும்; பிறகு கடல் அடங்கும். அந்தப் பெரிய அலைகளின் கூட்டத்துக்குத்தான் செட் என்று பெயர்; அதன் பின் வரும் அடக்கத்துக்கு 'லல்' என்கிறார்கள். இது கடலின் விளையாட்டுத்தனம் அன்று. நம் கரைக்கு வரும் நல்ல அலைகளில் பெரும்பகுதி இங்கே வீசும் காற்றால் உண்டானவை அல்ல. பூமியின் தென்கோடிச் சமுத்திரத்தில், மாதக்கணக்கில் அடங்காமல் வீசும் புயற்காற்றுகள் கிளப்பிவிட்டவை, ஆயிரக்கணக்கான மைல் பிரயாணம் செய்து, வழியில் சில்லறை அலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு, நீண்ட முதுகுகளாக வங்காள விரிகுடாவுக்குள் நுழைபவை. இவற்றை அவர்கள் 'ஸ்வெல்' என்பார்கள். சற்றே வேறுபட்ட காலகதியுடைய அலைத்தொடர்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது, சிலவிடத்தில் இரண்டும் கூடி உயரும். சிலவிடத்தில் ஒன்றையொன்று அழித்துத் தணியும். உயர்ந்த இடம் செட். தணிந்த இடம் லல். தென்துருவத்துக்குப் பக்கத்தில் என்றோ அடித்த ஒரு புயலின் கணக்கை, ஐந்தெழுத்துக்கு மேற்படாத இரண்டு சொற்களில் அடக்கிவிட்டார்கள்.

அந்த ஸ்வெல் ஆழ்கடலில் வரும்போது யார் கண்ணுக்கும் படாது. படகு மெல்ல ஏறி இறங்கும், அவ்வளவே. கரை நெருங்க நெருங்க அடிப்பாகம் தரையில் உரசித் தாமதப்பட, மேற்பாகம் முந்திக்கொண்டு, நீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஏறக்குறைய 1.3 மடங்காகக் குறையும் இடத்தில் கவிழ்ந்து மறிகிறது. மறிவதற்குச் சற்று முன்னால், இன்னும் நுரை கக்காத அலைக்குப் 'பச்சை அலை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புதிதாகப் பழகுபவனை அங்கே விடுவதில்லை. மறிந்து வெளுத்து நுரைத்து வருகிற தண்ணீரில்தான், எட்டடி ஒன்பதடி நீளமுள்ள மெத்தென்ற பலகையில் குப்புறப் படுக்கவைத்துப் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறார்கள். அந்தப் பச்சை அலை பிறக்கும் இடத்துக்கு அப்பால், பலகைமேல் உட்கார்ந்து கிழக்கே பார்த்துக்கொண்டு காத்திருக்கும் இடமே 'லைன்அப்'. காத்திருப்பதற்கென்றே ஒரு இடமும், அந்த இடத்துக்கு ஒரு பெயரும், அங்கே முறை தவறி முந்துபவனைக் கண்டிக்க ஒரு சொல்லும் வைத்திருக்கிற விளையாட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை. அலையின் உச்சிக்கு அருகிலிருப்பவனுக்கே அந்த அலை பாத்தியம். அவன் ஏறிய பின் குறுக்கே ஏறுவது 'டிராப் இன்'. பத்திரம் எழுதியவன் காதுக்கு இது பாத்தியதைச் சட்டமாகவே ஒலிக்கிறது.

திசைகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் முறை என்னை அதிகமாக யோசிக்கவைத்தது. 'ரைட்' என்றால் கரையில் நிற்பவனுக்கு வலப்புறம் அன்று. அலைமேல் கரையை நோக்கி வருகிறவனுக்கு வலப்புறம். நம் கரை கிழக்கு நோக்கியது. தெற்கிலிருந்து சாய்வாக வரும் ஸ்வெல் தென்பக்கத்தில் முதலில் மறிந்து, மறிவு வடக்கே ஓடும். மேற்கு நோக்கி நிற்பவனுக்கு வடக்கு வலப்புறமாகையால், பங்குனியிலிருந்து புரட்டாசி வரையில் இங்கே கிடைப்பவை பெரும்பாலும் ரைட் அலைகள். மணலில் உட்கார்ந்து பார்க்கிற எனக்கோ அவை இடப்புறமாக ஓடுகின்றன. பத்திரத்தில் நாங்கள் வலம் இடம் எழுதுவதே கிடையாது. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நான்கு மாலையும், அதாவது நான்கு எல்லையையும், எழுதினால்தான் நாளைக்குச் சண்டை வராது. எங்கள் முறையில் மனிதன் இல்லை, பூமி இருக்கிறது. அவர்கள் முறையில் அலைமேல் நிற்கும் மனிதனே நடுநாயகம்.

எந்தக் காலை முன்னே வைப்பது என்பதற்கும் பெயர் உண்டு. இடக்கால் முன் வைப்பவன் 'ரெகுலர்', வலக்கால் முன் வைப்பவன் 'கூஃபி'. 1937-ல் வெளிவந்த வால்ட் டிஸ்னியின் கார்ட்டூன் ஒன்றில் கூஃபி என்ற நாய்ப் பாத்திரம் ஹவாய்க் கடலில் பலகையேற முயல்வதால், அதிலிருந்து இப்பெயர் வந்தது என்று சொல்வாருண்டு. பலகையின் முன்முனைக்கு நடந்துபோய்ப் பத்துக் கால்விரல்களையும் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு நிற்பது 'ஹேங் டென்'. மறிகிற அலையின் உள்ளே உண்டாகும் குழலுக்குள் புகுந்து வெளிவருவது 'பேரல்'. நம் கரையில் அது அபூர்வம். ஒருவன் தன்னிடமுள்ள பலவகைப் பலகைகளை மொத்தமாகச் சொல்லும் சொல்தான் என் மனத்தை மிகவும் கவர்ந்தது: 'க்விவர்', அதாவது அம்பறாத்தூணி. சிறு அலைக்கு ஒன்று, பெரிய அலைக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று என்று பலகைகளை அம்புகளாக நினைத்த அந்த முகம்தெரியாத மனிதனை நான் வணங்குகிறேன். நம்மிடம் அந்தச் சொல் எத்தனை நூற்றாண்டுகளாக ராமாயணக் கதைகளில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது!

இனி, 'சர்ஃப்' என்ற சொல்லுக்கு வருகிறேன். அதைத் தேடிப் போனபோது எதிர்பாராத ஒரு விஷயம் கிடைத்தது. ஆங்கிலச் சொற்களின் சரித்திரத்தை ஆராய்ந்தவர்கள், பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சொல் எழுத்தில் வரத் தொடங்கியபோது, இந்தியக் கடற்கரையைப்பற்றிப் பேசும் இடங்களிலேயே முதலில் வந்தது என்று குறித்திருக்கிறார்கள். அதன் மூலம் இன்னதென்று தீரவில்லை. இந்தியக் கரையில் வழங்கிய ஏதோ ஒரு சொல்லாக இருக்கலாம் என்பது ஒரு கட்சி, நீர் இரையும் ஓசையைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லின் திரிபு என்பது மறு கட்சி. எந்தக் கட்சி வென்றாலும், ஆங்கிலேயர் அந்தச் சொல்லைத் தேடிக்கொள்ளும்படி செய்த அலைகளில் நம் சோழமண்டலக் கரையின் அலைகளுக்குப் பெரும்பங்கு உண்டென்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சென்னைக்குத் துறைமுகம் ஏற்படாத அக்காலத்தில் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, ஆணியே இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளில்தான் துரைமாரும் துரைசானிகளும் அலையைக் கடந்து கரையேறினார்கள். ஆணியடித்த படகு அந்த மோதலில் பிளந்துபோகும், தைத்த படகு வளைந்துகொடுக்கும். புதுச்சேரியிலும் அதே நிலைமைதான். அங்கே அந்தப் படகுக்குச் சலங்கு என்று பெயர். பிரெஞ்சுக்காரர்கள் அதைத் தங்கள் நாவுக்கு ஏற்பச் 'செலேங்கு' ஆக்கிக்கொண்டு எழுதினார்கள். ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பு எழுதிய காலத்துப் புதுவைக்கு வந்த துணிமணியும் துப்பாக்கியும் இந்த அலைகளின்மேல் ஏறி இறங்கி வந்தவையே.

ஆங்கிலச் சொல் அலையின் நுரையையும் இரைச்சலையும் குறித்தது. அதன்மேல் ஏறிச் செல்லும் விளையாட்டு ஹவாய்த் தீவினருடையது. அவர்கள் பாஷையில் அதற்கு 'ஹெஎ நாலு' என்று பெயர். ஹெஎ என்றால் சறுக்குதல். நாலு என்றால் அலை. நம் பத்திரிகைகளில், இந்தச் சங்கதி எதுவும் தெரியாமலே யாரோ ஒரு நிருபர் அவசரத்தில் எழுதி, பிறகு எல்லோரும் கைக்கொண்ட தமிழ்ச் சொல்லோ 'அலைச்சறுக்கு'. ஆங்கிலத்தை மொழிபெயர்க்கப் போனவர், ஆங்கிலத்தைத் தாண்டி ஹவாய்க்காரனின் சொல்லுக்கே நேராகப் போய்ச் சேர்ந்துவிட்டார். விளையாட்டைக் கண்ணால் பார்த்துப் பெயர் வைத்தால் இரண்டு சமுத்திரங்களுக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே பெயர் பிறக்கும் போலும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. அந்த ஹவாய்க்காரர்களின் கதையில் துயரமும் உண்டு. 1912-லும் 1920-லும் ஒலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்ற டியூக் கஹனமோகு, 1914-ஆம் வருஷக் கடைசியில் ஆஸ்திரேலியா சென்று பலகையேறிக் காட்டியதுபோன்ற நிகழ்ச்சிகளால் விளையாட்டு உலகெங்கும் வியாபித்தது. ஆனால் அதற்கு முன்பே, 1896-ல், ஹவாய்ப் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலமே போதனா பாஷை என்று சட்டம் வந்து, பிள்ளைகளின் வாயிலிருந்து தாய்மொழி அகன்றுகொண்டிருந்தது. விளையாட்டு பிழைத்தது, அதைப் பெற்ற பாஷை பல தலைமுறைகள் தவித்தது. டோக்கியோ ஒலிம்பிக்கின்போதும், அதன்பின் பாரிஸ் ஒலிம்பிக்கின்போது தாஹித்தித் தீவிலும் அலைச்சறுக்குப் போட்டிகள் நடந்ததை உலகம் பார்த்தது. அங்கே பேசப்பட்ட சொற்களில் எத்தனை ஹவாய்ச் சொற்கள் என்று எண்ணிப் பார்த்தவர்கள் சிலரே.

நம் கடற்கரைச் சொற்களுக்கும் அதே கதி நேருமோ என்ற அச்சம்தான் என்னைத் தந்திராயன்குப்பத்துப் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. படகுகளின் நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருப்பார். தம் வாலிபத்தில் கட்டுமரம் செலுத்தியவர். 2004-ஆம் வருஷத்துச் சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுக்கு மாறியவர். கட்டுமரம் என்று நாம் முழுதாகச் சொல்வதை அவர் 'மரம்' என்று மட்டுமே சொல்லுகிறார். நான் அவரிடம், வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி இந்தக் கரையில் கண்ட அந்த மரத்தைப்பற்றித் தம் பிரயாண நூலில் எழுதி 1697-ல் அச்சிட்டதையும், நம் சொல் ஆங்கிலத்தில் ஏறியதையும், பிறகு 1876-ல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் இரண்டு ஓடுகளை இணைத்து ஒரு பாய்மரப் படகைக் கட்டிப் பந்தயத்தில் ஜயித்ததிலிருந்து, நம் மரத்தோடு சம்பந்தமே இல்லாத படகுகளுக்கெல்லாம் அந்தப் பெயர் நிலைத்துவிட்டதையும் சொன்னேன். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுவிட்டு, "பேர் மட்டும் போச்சா ரைட்டரே, மரம் போவலியா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அவரிடம் நான் கற்றது அதிகம். காற்றுக்கு அலைச்சறுக்குக்காரர்களிடம் இரண்டே பெயர்கள்: கரையிலிருந்து கடலுக்கு வீசினால் 'ஆஃப்ஷோர்', கடலிலிருந்து கரைக்கு வீசினால் 'ஆன்ஷோர்'. முன்னது அலையின் முகத்தைத் தாங்கிப் பிடித்து நிமிர்த்தும். பின்னது கலைத்துப் போடும். அவர்களுக்கு அதற்குமேல் தேவையில்லை. பெரியவருக்கோ மேற்கிலிருந்து வந்தால் கச்சான், கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், வடக்கிலிருந்து வந்தால் வாடை; ஒவ்வொன்றிலும் எந்த மீன் கிட்டும், வலை எப்படிச் சாயும், எத்தனை நாளைக்கு நிற்கும் என்பதெல்லாம் அந்தப் பெயருக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. பலகையின் முன்முனையைப் பையன்கள் 'நோஸ்' என்கிறார்கள். படகின் முன்முனைக்கு அணியம் என்று பெயர். பின்முனை அவர்களுக்கு 'டெய்ல்', இங்கே அமரம். அமரத்தில் இருப்பவனே திசை திருப்புபவன். பலகையிலும் பின்காலை அழுத்தித்தான் திருப்புகிறார்கள் என்று பையன் சொன்னபோது, பெரியவர் முதல்முறையாக வலையைக் கீழே வைத்துவிட்டு அவன் காலைப் பார்த்தார்.

நான் கடற்கரையில் பிறந்தவனல்ல. ஆனாலும் எங்கள் பிரதேசத்துக்கும் கடலுக்கும் உள்ள உறவு நேற்று உண்டானதன்று. திண்டிவனத்துக் கிடங்கிலைத் தலைநகராகக் கொண்டு ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில், மரக்காணம் என்று பலரும் கருதும் எயிற்பட்டினத்தைக் காட்டும்போது, நத்தத்தனார் அலை கரையில் ஒதுக்கிய வாசனைக் கட்டையொன்றைத் தூங்கும் ஒட்டகத்துக்கு ஒப்பிடுகிறார். நுளைச்சியர் அதை விறகாக எரிக்கிறார்கள். எங்கிருந்தோ எத்தனையோ நாள் மிதந்து வந்த ஒரு மரத்துண்டைப் பார்த்து நின்ற அந்தக் கண், ஸ்வெல் வருவதைப் பார்த்து நிற்கும் கண்ணுக்கு மூத்தது. அலை, திரை, ஓதம், புணரி என்று நமக்குச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. வடமொழியிலிருந்து வந்த தரங்கம் ஒரு ஊருக்கே பெயராகித் தரங்கம்பாடியில் நிற்கிறது. எந்தச் சொல் எந்த அலைக்கு என்ற நுட்பம்தான் புலவர்களிடமிருந்தும் நழுவி, குப்பத்துப் பெரியவர்களிடமிருந்தும் நழுவிக்கொண்டிருக்கிறது.

கரையே நழுவியதைச் சொல்லாமல் இந்தக் கரையின் சொற்களைப்பற்றிப் பேச எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் தொழிலில் சேர்ந்த புதிதில் எழுதிய சவுக்குத் தோப்புப் பத்திரங்களில் நான்கு மாலைக் குறிக்கும்போது, கிழக்குப் பக்கத்துக்கு யாரையும் விசாரிக்கவேண்டிய அவசியம் இருந்ததில்லை. 'கிழக்கே சமுத்திரம்' என்று எழுதிவிட்டு அடுத்த மாலுக்குப் போய்விடுவேன். அசையாத எல்லை அது ஒன்றே என்று நம்பியிருந்தேன். 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுக முகத்துவாரத்தில் கல் சுவர்கள் எழுந்தன. நம் கரையோரத்தில் மணல் சும்மா கிடப்பதில்லை. வருஷத்தில் எட்டு மாதம் போல வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் அலைகளால் நடத்திச் செல்லப்படுகிறது. கூட்டிக்கழித்தால் வடக்கே போவதே அதிகம். அந்த நடையைக் கல் தடுத்ததும், தெற்கே மணல் குவிந்தது, வடக்கே புதுச்சேரிக் கடற்கரை கரைந்தது. அங்கே கல் கொட்ட, கோட்டக்குப்பம் கரைந்தது. இங்கே கொட்ட, சின்ன முதலியார்சாவடியும் பொம்மையார்பாளையமும் கரைந்தன. என் கையெழுத்திலுள்ள சில தோப்புகளின் கிழக்குப் பாதி இன்று சமுத்திரத்துக்குள் இருக்கிறது. படகு ஏற்ற மணலில்லாமல், வலை காயப்போட இடமில்லாமல் குப்பத்து ஜனங்கள் பட்ட பாட்டை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கடலுக்குள் நீட்டிய அந்தக் கற்குவியலுக்கு மக்கள் வைத்த பெயர் 'தூண்டில் வளைவு'. பொறியாளர்களின் ஆங்கிலப் பெயரைவிட எத்தனை துல்லியமானது! வடிவத்தையும் சொல்லுகிறது, மணலைத் தூண்டிலிட்டுப் பிடிக்கும் காரியத்தையும் சொல்லுகிறது. தந்திராயன்குப்பத்தில் அந்தத் தூண்டில் பிடித்த மணல்திட்டின்மேல்தான் அலை ஒழுங்காக மறிகிறது. அதனால்தான் சர்ஃப் பள்ளி இங்கே வந்தது, பலகைகள் வந்தன, என் தங்கை மகனும் வந்தான். ஒரு பக்கத்தார் கரையை இழந்த அதே கல், இன்னொரு பக்கத்தாருக்கு அலையைக் கொடுத்தது என்பதை நினைக்கும்போது, அந்த அலையில் ஏறுகிறவர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டாவது ஏறவேண்டும் என்று விரும்புகிறேன். இன்னொன்றும் தெரிந்துகொள்ளவேண்டும். கல்லை ஒட்டி, கரையேறிய நீர் திரும்பக் கடலுக்குள் விரையும் ஓட்டம் ஒன்று உண்டு. பையன்கள் அதை 'ரிப்' என்பார்கள். பார்வைக்கு அலையே இல்லாத அமைதியான பாதைபோலத் தோன்றுவதால், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அங்கேதான் இறங்குகிறார்கள். சிக்கினால் எதிர்த்து நீந்தக்கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறவேண்டும். இந்த ஒரு சொல்லையும் அதன் பொருளையும் நம் பள்ளிக்கூடங்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லிவைத்தால் எத்தனையோ வீடுகளில் ஒப்பாரி இருக்காது.

சொல் உயிரைக் காக்கும் என்பது அலங்காரமல்ல. காற்றுமில்லாமல் மழையுமில்லாமல், எங்கோ தென்சமுத்திரத்தில் கிளம்பிய ஸ்வெல் திடீரென்று கரையேறி வீடுகளுக்குள் புகுவதைக் கேரளத்து மீனவர்கள் கள்ளக்கடல் என்பார்கள். கள்ளனைப்போல் சொல்லாமல் வருகிற கடல். 2012-ல் யுனெஸ்கோ அதையே விஞ்ஞானச் சொல்லாக ஏற்றுக்கொண்டது. இன்று ஹைதராபாத்திலிருந்து கடல் எச்சரிக்கை வெளியிடும் அரசாங்க நிலையம் அந்தப் பெயராலேயே எச்சரிக்கிறது. 2024-ஆம் வருஷம் மே மாதத்தில் அப்படியொரு எச்சரிக்கை இருந்த சமயத்திலேயே, குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் மாண்டுபோனார்கள். மீனவனின் சொல்லை விஞ்ஞானிகள் ஏற்றுக்கொண்டு பன்னிரண்டு வருஷமான பிறகும், படித்த நம் பிள்ளைகளின் காதுக்கு அது எட்டவில்லை.

ஆகவே, பையன்கள் பேசும் ஆங்கிலச் சொற்களையெல்லாம் தமிழாக்கி ஒரு ஜாபிதா தயாரிக்கவேண்டும் என்று நண்பர் ஒருவர் சொன்னபோது எனக்கு உற்சாகம் பிறக்கவில்லை. சுனாமிக்குப் பின் ஆழிப்பேரலை என்ற கம்பீரமான சொல் அச்சில் வந்தது, அதில் குறையொன்றுமில்லை, ஆனால் அன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த குப்பங்களில் இன்றும் சுனாமி என்றுதான் சொல்லுகிறார்கள். சொல் எந்த வாயில் அரைபடுகிறதோ அந்த வாய்க்குச் சொந்தம். இதற்கு எங்கள் வானூர்ப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். கேட்டால் பச்சைத் தமிழ்ச் சொல்லாகவே தோன்றும். அது மணிலாக்கொட்டை; பிலிப்பைன்ஸ் தீவின் மணிலா என்ற பட்டினத்துப் பெயர், எங்கள் கொல்லைகளில் களை பறித்த பெண்களின் நாவில் இரண்டு மூன்று தலைமுறை உருண்டு, முனை மழுங்கி, மல்லாட்டை ஆகிவிட்டது. எந்தச் சங்கமும் கூடி அதைத் தீர்மானிக்கவில்லை.

கடலிலும் அது தொடங்கிவிட்டது. சென்னையை அடுத்த கோவளத்தில் மீனவரான மூர்த்தி மேகவன் குப்பத்துப் பிள்ளைகளைப் பலகையேற்றி, 2012-ல் பள்ளியாகவே நடத்தத் தொடங்கியதிலிருந்தும், மாமல்லபுரத்துப் பையன்கள் தேசியப் போட்டிகளில் முன்னணிக்கு வந்ததிலிருந்தும், இந்த விளையாட்டின் தமிழ்நாட்டுப் பேச்சு மீனவர் பேச்சாகவே வளர்கிறது. 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்து, கர்நாடகத்து ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றபோது கரை முழுவதும் நின்று ஆரவாரித்தது தமிழ்தான். தந்திராயன்குப்பத்தில் சொல்லிக்கொடுக்கும் இளைஞர்களும் குப்பத்துப் பிள்ளைகளே. பலகையிலிருந்து விழுவதை அவர்கள் 'வைப்அவுட்' என்று வெள்ளைக்காரர்களிடம் சொல்லுகிறார்கள். தங்களுக்குள் "அலை வாரிடுச்சுடா" என்கிறார்கள். மற்றப் பயிற்சியாளர்கள் புதியவனைத் தள்ளும்போது "கோ, கோ" என்று கத்த, அவர்களில் ஒருவன் மட்டும், வெளிநாட்டுக்காரனைத் தள்ளினாலும் சரி, என் தங்கை மகனைத் தள்ளினாலும் சரி, "இப்ப!" என்று ஒரே ஒரு சத்தம் கொடுப்பான். அவன் பெரியவரின் பேரன் என்று பிறகு தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் சொட்டச் சொட்டக் கரையேறி வந்த பையன், படகு நிழலில் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "தாத்தா, பெரிய அலை மூணு நாலு வந்து போனப்புறம் கடல் கொஞ்ச நேரம் சும்மா கெடக்குதே, நாங்க லல்லுன்னு சொல்றோம். நீங்க மரம் தள்ளுன காலத்துல அதுக்கு இன்னா பேரு?" என்று கேட்டான்.

"அதுக்குத்தானே அம்மாம் நேரம் மரத்தப் புடிச்சிக்கினு இடுப்புத் தண்ணில நிப்போம்" என்றார் அவர். "பேரு சொல்ல எங்க நேரம்? அமரத்துல நிக்கறவன் கடலப் பாத்துக்கினே இருப்பான். அடங்குச்சுன்னா 'இப்ப'ன்னு ஒரு கொரலு குடுப்பான். தள்ளிக்கினு ஏறிடுவோம்."